ஈரம் பதினேழு, டிஸ்க் நூறு

நீடாமங்கலத்தில் பஸ் மாறும்போதே போன்:
"மேடம், டோக்கன் விழலை."
என்ன வருகிறது என்று கேட்டேன்.
"ஒண்ணும் வரலை. சுத்துது."
எது சுற்றுகிறது என்று அமலோற்பவத்துக்குச் சொல்லத் தெரியவில்லை,
எனக்கும் அந்தச் சத்தத்தில் கேட்கத் தெரியவில்லை.

மாசி. பெய்யக்கூடாத மழை
பெய்துவிட்டுப் போயிருந்தது.
திருத்துறைப்பூண்டி தாண்டிச் சாலையில் பாதிக்கு நெல்.
பஸ் அதைச் சுற்றிக்கொண்டு போனது.
யாரும் திட்டவில்லை.

கொள்முதல் நிலையத்து சர்வர்
காலிச் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.
நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனம்.
கீபோர்டு இடுக்கில் உமி.
வெளியே தார்ப்பாய்க்கடியில்
நாற்பது பேரின் நெல்
முளைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா?
அமலோற்பவம் சர்வரின் பக்கவாட்டைக் காட்டினாள்.
என் கையெழுத்து, சிவப்பு மை:
அணைக்காதே.

கறுப்புத் திரையைத் திறந்தேன்.
பதிவின் வாலைப் பிடித்து இழுக்க ஒரு கட்டளை உண்டு,
கடைசிப் பத்து வரி மட்டும் வரும்,
கடைமடைக்கு வந்து சேரும் தண்ணீர் மாதிரி.
பத்து வரியும் ஒன்றே:
இடமில்லை.
இடமில்லை.

சரி, இடம் எங்கே போனது?
டிஎஃப் சொன்னது: நூறு சதம் நிரம்பிவிட்டது.
டியூ ஒவ்வொரு அறையாகப் போய் எண்ணிவிட்டு வந்து சொன்னது:
முப்பத்தெட்டு.
இரண்டும் பொய் சொல்லாத சாட்சிகள்.
நான் இரண்டு முறை கேட்டேன், மூன்றாவது முறை ரூட்டாக இருந்து கேட்டேன்.
அதே முப்பத்தெட்டு.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கிரிசாமி நின்றார்.
காலையில் அளந்தபோது அவர் நெல்லின் ஈரம்
பதினாறு புள்ளி எட்டு.
"என்ன கோளாறும்மா?"

அழித்த கோப்பை எவனோ இன்னும் திறந்து வைத்திருக்கிறான், என்றேன்.
பட்டியலில் பெயர் இல்லை, இடத்தை மட்டும் விடவில்லை.

"எங்க சின்ன பங்காளி" என்றார் சிரிக்காமல்.
"பட்டா மாறி ஆறு வருஷம். வரப்புல இன்னும் அவன்தான் நிக்கிறான்."

தேடினேன். இருந்தான்.
இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழாம் எண் ப்ரோசஸ்,
ஈரமானியைப் படிக்கிற சின்ன வேலைக்காரன்.
மடியில் அறுபத்தொரு ஜிபி பதிவு, பெயரில்லாமல்.
எட்டு மாதமாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான்,
தாளை யாரோ உருவிவிட்டதை
அவனிடம் யாரும் சொல்லவில்லை.

உருவியது யார்?
க்ரான் அட்டவணையில் ஒரு வரி,
பழைய பதிவுகளை ஞாயிறு இரவில் அழிக்கச் சொல்லி.
மேலே குறிப்பில் என் பெயரின் முதலெழுத்து.

அவனை நிறுத்தி மறுபடி எழுப்பினேன்.
அவ்வளவுதான். ஒரு வரி. நான்கு நொடி.
அணைத்துப் போட்டிருந்தாலும் சரியாகியிருக்கும்,
அந்தச் சிவப்பு மை இல்லாதிருந்தால்.
முப்பத்தொன்பது என்றது டிஎஃப்.
பிரிண்டர் விக்கி விக்கிக் காலையின் டோக்கன்களைத் துப்பியது.
அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதற்குள் தூறல் ஒன்று வந்து போயிருந்தது.
பக்கிரிசாமியின் முறை வந்தபோது
ஈரமானி பதினேழு புள்ளி ஆறு காட்டியது.
பதினேழுக்கு மேல் எடுக்கமாட்டார்கள்.
இன்னொரு பிடி அள்ளிப் போட்டார்.
ஆறு.
ஈரமானியில் கோளாறில்லை, சோதித்துவிட்டேன்.
அவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை,
தார்ப்பாயின் மூலைக்குக் கல் தேடப் போனார்.

க்ரானில் அந்த வரியை மாற்றினேன்:
அழிக்காதே, காலி செய்.
சிவப்பு மைக்குக் கீழே நீலத்தில் எழுதினேன்:
அணைக்கலாம். முதலில் போன் செய்.

பழுது அறிக்கையில் காரணம் என்றொரு கட்டம்,
மூன்று விரல் அகலம்.
டிஸ்க் நிரம்பியது, என்று எழுதிவிட்டு
கடைசி பஸ்ஸுக்கு நடந்தேன்.
ரோட்டோரம் யாருடையதோ நெல்லை ஒருவர்
டார்ச் வெளிச்சத்தில் காலால் கிளறிக்கொண்டிருந்தார்.
அவரா என்று பார்க்காமல் போனேன்.